தி க்யூரின் நாலு சிடி பெட்டியை எப்படிக் கேட்பது

இங்கிலாந்து ராக் குழுவான தி க்யூரின் பி-சைடுகளையும் (சிங்கிள் இசைத்தட்டின் பின்பக்கப் பாட்டுகள்) அரிய பதிவுகளையும் திரட்டிய 'ஜாயின் த டாட்ஸ்' 2004-இல் வந்தது. நாலு சிடி, 70 பாட்டு, 1978 முதல் 2001 வரை. ஒரே மூச்சில் கேட்காதீர்கள். நான் முதல் தடவை அப்படிக் கேட்டு, மூன்றாவது சிடிக்குள் காது மரத்துப்போனது.

முதல் சிடியை மட்டும் எடுங்கள். ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் அதே சிங்கிளின் முன்பக்கப் பாட்டை, அதாவது ஏ-சைடைப் போடுங்கள்; இந்த வேலையைச் சோம்பல்படாமல் செய்யுங்கள். 1980-இல் வந்த 'எ ஃபாரஸ்ட்' முடிந்ததும் 'அனதர் ஜர்னி பை ட்ரெயின்': குரலே இல்லை, கிதாரும் பேஸும் டிரம்ஸும் விரட்டிக்கொண்டு ஓடும். அப்புறம் 1981-இன் 'சார்லட் சம்டைம்ஸ்', அதன் பின்பக்கம் 'ஸ்ப்ளின்டர்ட் இன் ஹெர் ஹெட்'. இதை ஹெட்போனில், இரவில் கேளுங்கள். டிரம்ஸ் முகத்துக்கு நேரே இடிக்கும். பாடகர் ராபர்ட் ஸ்மித்தின் குரல் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வருவதுபோல் இருக்கும். அடுத்த ஆண்டு 'போர்னோகிராஃபி' ஆல்பத்தில் கவிந்த இருட்டு இங்கேயே தொடங்கிவிட்டது என்பேன்.

சரி, பெட்டியில் இருக்கும் கவர் பாடல்களும் (பிறர் பாட்டுகளை இவர்கள் பாடியவை) ரீமிக்ஸ்களும்? அவசரமில்லை, பிறகு பார்க்கலாம். முதலில் 1985-இன் 'இன் பிட்வீன் டேஸ்', பின்னாலேயே 'தி எக்ஸ்ப்ளோடிங் பாய்'. இவ்வளவு நல்ல பாட்டை ஆல்பத்தில் சேர்க்காமல் விட்டார்களே என்று எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.