இருமலா, முடி உருண்டையா? பூனையின் வயிற்றைப் பாருங்கள்

பூனை தரையோடு பதுங்கி, கழுத்தை முன்னால் நீட்டி 'ஹக்… ஹக்' என்றால், "முடி சிக்கியிருக்கும், கக்கிவிடும்" என்று விட்டுவிடுகிறோம். பூனைகளின் ஆஸ்துமா மாதக்கணக்கில் தப்பிப்போவது இந்த இடத்தில்தான்.

குமட்டும் பூனைக்கு வயிறு உள்ளிழுத்து உள்ளிழுத்து அதிரும், எச்சில் வடியும், கடைசியில் முடியோ தீனியோ வெளியே வந்து விழும். இருமும் பூனைக்கு அசைவு நெஞ்சில் தெரியும். ஒன்றும் வராது, ஒருமுறை விழுங்கிவிட்டு எழுந்து போய்விடும். பலமாக இருமினால் சில சமயம் நுரை வரும், அதனால் குழப்பம் இருக்கத்தான் செய்யும். போனில் வீடியோ எடுத்து வையுங்கள். மருத்துவர் முன்னால் பூனை இருமிக் காட்டுவது அபூர்வம்.

அடுத்து மூச்சை எண்ணுங்கள். அயர்ந்து தூங்கும்போது நெஞ்சு ஒருமுறை ஏறி இறங்கினால் ஒரு மூச்சு. 30 விநாடிக்கு எண்ணி இரண்டால் பெருக்குங்கள். நிமிடத்துக்கு 30-க்குள் இருந்தால் நல்லது. திரும்பத் திரும்ப எண்ணியும் 30-ஐத் தாண்டினால் தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். 40-க்கு மேல் போனால் அன்றே. வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலோ, ஈறு வெளுத்தோ நீலம் பாரித்தோ இருந்தாலோ, வயிறு எக்கி எக்கி மூச்சு இழுத்தாலோ நடுராத்திரி என்றாலும் கிளம்புங்கள். ஆக்சிஜன் இருக்கும் மருத்துவமனைக்கு முன்கூட்டியே போன் செய்யுங்கள். போகும் வழியில் தண்ணீர் புகட்டாதீர்கள், மடியில் இறுக்கிப் பிடிக்காதீர்கள். காற்றோட்டமுள்ள கூடையில் விடுங்கள்.

வீட்டிலிருக்கும் மாத்திரை எதையும் கொடுக்க வேண்டாம். குறிப்பாக பாராசிட்டமால். அதை முறித்து வெளியேற்றும் திறன் பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு; ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் ஈறு பழுப்பாக மாறும். ஒரே ஒரு 500 மி.கி. மாத்திரை உயிரை எடுத்துவிடும். நாம் குடிக்கும் இருமல் சிரப்பும், நெஞ்சில் தடவும் கற்பூரத் தைலமும் வேண்டாம்.

ஆஸ்துமா என்றால் மூச்சுக்குழாய் வீங்கிச் சுருங்கியிருக்கிறது. சாம்பிராணி, ஊதுபத்தி, கொசுவர்த்திப் புகை, சிகரெட், பூனை மலம் கழிக்க வைக்கும், தூசி பறக்கும் லிட்டர் மணல், எல்லாமே அதைக் கிளறிவிடும். இவற்றை நிறுத்துவது சிகிச்சையில் பாதி. எக்ஸ்ரே சுத்தமாக வந்தாலும் ஆஸ்துமா இல்லை என்று ஆகாது.

வெளியே போய் எலி, பறவை, பல்லி பிடிக்கும் பூனைக்கு நுரையீரல் புழுவும் இருக்கலாம். நத்தை வழியாக அவற்றுக்குள் போகும் புழு இது. குடல் புழுவுக்கு வழக்கமாகக் கொடுக்கும் பைரன்டெல், பிராசிகுவான்டெல் மாத்திரைக்கு இது சாகாது. மலத்தில் அதன் இளம்புழுவைத் தேடும் சோதனையைத் தனியாகக் கேளுங்கள். நாய் இருமினால் இதயத்தைச் சந்தேகிப்பார்கள். பூனைக்கு இதய நோயில் இருமல் அரிது, மூச்சு வேகம்தான் கூடும். மூச்சை எண்ணச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆஸ்துமாவுக்கு முதலில் பெரும்பாலும் ஸ்டீராய்டு மாத்திரை, பிறகு முகமூடியும் ஸ்பேசரும் (அடித்த மருந்தைத் தேக்கி வைக்கும் குழல்) சேர்த்த ஸ்டீராய்டு இன்ஹேலர். முதல் சில நாள் மருந்தில்லாமல் முகமூடியை மட்டும் காட்டி, பிடித்த தீனி கொடுத்துப் பழக்குங்கள். மருந்து அடித்த பிறகு 7 முதல் 10 மூச்சு வரை முகமூடி முகத்திலேயே இருக்கட்டும். சால்பியூட்டமால் இன்ஹேலர் அவசரத்துக்கு மட்டும். அது மூச்சுக்குழாயை விரிக்கும், வீக்கத்தைக் குறைக்காது. இருமல் நின்றுவிட்டதே என்று ஸ்டீராய்டை நீங்களாகச் சட்டென நிறுத்தாதீர்கள். அளவை மருத்துவர்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.