கேபிள் டிவி படம் உடைகிறதா? பழுது எந்த இணைப்பில் என்று நீங்களே கண்டுபிடிக்கலாம்

படம் கட்டம் கட்டமாக உடைந்தால் உடனே டிவியைச் சந்தேகிக்கிறோம், அடுத்து செட்டாப் பாக்ஸை. வீட்டுக்குள் வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை வயர் முனையில் திருகியிருக்கும் கனெக்டரிலோ, டிவிக்குப் பின்னால் தூசி படிந்து தொங்கும் ஸ்பிளிட்டரிலோதான் (ஒரு வயரைப் பல டிவிகளுக்குப் பிரித்துக் கொடுப்பது) இருக்கும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது பழுது என்பது கடைசிவரை தெரியாது.

படி 1: திரையைப் படியுங்கள்

பாக்ஸின் மெனுவைத் திறந்து பாருங்கள். மெனுவே தெரியவில்லை, திரை கறுப்பாக இருக்கிறது என்றால் எச்டிஎம்ஐ வயரையும் டிவியில் தேர்ந்தெடுத்த இன்புட்டையும் பாருங்கள். கேபிள் பக்கம் போகவே வேண்டாம். மெனு பளிச்சென்று தெரிந்து, சேனல் மட்டும் உடைந்தால் கோளாறு வரும் சிக்னலில். சந்தா பற்றிய செய்தி வந்தால் வயரைத் தொட்டுப் பயனில்லை, ஆபரேட்டரைக் கேளுங்கள்.

எல்லா சேனலும் கெட்டதா, சில மட்டுமா என்பது முக்கியம். ஒரே அதிர்வெண்ணில் பல சேனல்கள் சேர்ந்து வருவதால் அவை கூட்டமாகவே கெடும். வயர் நீளமாகவோ மட்டமாகவோ இருந்தால் உயர்ந்த அதிர்வெண் சேனல்கள் முதலில் போகும். வயரின் நடுவே ஓடும் உள்கம்பி சரியாகத் தொடாமல் நூலிழை இடைவெளி இருந்தால் நேர்மாறு: தாழ்ந்த அதிர்வெண் சேனல்கள் முதலில் போகும். ஒவ்வொரு சேனலும் எந்த அதிர்வெண்ணில் வருகிறது என்பதைப் பல பாக்ஸ்களின் சிக்னல் பக்கத்திலேயே பார்க்கலாம்.

படி 2: எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள்

அந்தச் சிக்னல் பக்கம் பெரும்பாலும் அமைப்புகள் மெனுவில் இருக்கும். அங்கே வலிமை, தரம் என்று இரண்டு அளவுகள் காட்டும். தரம்தான் முக்கியமானது. நன்றாக வரும் சேனல் ஒன்று, கெட்டது இரண்டு எடுத்து, இரு அளவுகளையும் தாளில் எழுதுங்கள். டிஜிட்டல் சிக்னல் குறையக் குறையப் படம் மங்காது. ஒரு எல்லை வரை அப்படியே நின்று, அதற்குக் கீழே சட்டென்று உடைந்துவிடும். அதனால் கண்ணுக்குச் சரியாகத் தெரியும் சேனல்கூட எல்லையின் விளிம்பில் நிற்கலாம். எண் மட்டுமே அதைக் காட்டிக்கொடுக்கும்.

படி 3: பாக்ஸை உள்வரும் வயருக்கே கொண்டு போங்கள்

பாதிப் பிரச்சினை இங்கேயே பிரிந்துவிடும். பாக்ஸின் மின்சாரத்தை நிறுத்தி, வெளியிலிருந்து வீட்டுக்குள் நுழையும் வயரை, ஸ்பிளிட்டர், பூஸ்டர் (சிக்னலைப் பெருக்கும் கருவி) எதுவும் இடையில் இல்லாமல் நேராகப் பாக்ஸில் மாட்டுங்கள். அதே மூன்று சேனல்களின் எண்களை மறுபடி எழுதுங்கள். இங்கேயும் தரம் குறைவு, படம் உடைகிறது என்றால், அந்த முனையின் கனெக்டரை மட்டும் புதிதாகப் போட்டுப் பாருங்கள். அப்படியும் சரியாகவில்லை என்றால் பழுது வெளியே. கம்பத்தில் உள்ள பெட்டியையும் பூஸ்டரையும் தொடக் கூடாது. அந்த லைனில் மின்சாரம் ஓடலாம். வயரைத் தொடும்போது கையில் சுருக்கென்று பட்டாலும் அப்படியே நிறுத்திவிட்டு ஆபரேட்டரையும் எலக்ட்ரீஷியனையும் அழையுங்கள்.

படி 4: கனெக்டர்

கழற்றிப் பாருங்கள். உள்கம்பி கறுத்தோ பச்சை பூத்தோ இருந்தால் ஈரம் ஏறியிருக்கிறது. அதைச் சுரண்டாதீர்கள். கேபிள் டிவிக்கு வழக்கமாகப் போடும் ஆர்ஜி-6 வயரில் உள்கம்பி பெரும்பாலும் தாமிரம் பூசிய எஃகு. உயர்ந்த அதிர்வெண் மின்னோட்டம் மேல்தோலில்தான் ஓடும். தாமிரத்தைச் சுரண்டினால் ஓடும் பாதையே போய்விடும். சுமார் 5 செ.மீ. பின்னால் வெட்டிவிட்டுப் புதிதாகப் போடுங்கள்:

- வெளி உறையை 12 முதல் 13 மி.மீ. உரித்து, அடியில் வலைபோல் சுற்றியிருக்கும் பின்னல் கம்பிகளை உறை மேல் பின்னோக்கி மடக்குங்கள். வெள்ளை நுரையின் மேல் ஒட்டியிருக்கும் அலுமினியத் தாள் அப்படியே இருக்கட்டும்.
- நுனியில் 6 மி.மீ. வெள்ளை நுரையை நீக்கி உள்கம்பியை வெளியே விடுங்கள். கத்தி கம்பியைக் கீறக் கூடாது.
- எஃப் கனெக்டரை (கேபிள் வயர் முனையில் போடும் திருகு கனெக்டர்) அழுத்தி ஏற்றும்போது வெள்ளை நுரை கனெக்டரின் உள்தளத்தோடு சமமாக நிற்க வேண்டும். உள்கம்பி நட்டின் விளிம்பைத் தாண்டி 2 அல்லது 3 மி.மீ. நீட்டினால் போதும்.

பின்னல் கம்பியில் ஒரே ஒரு இழை உள்கம்பியைத் தொட்டாலும் ஷார்ட் ஆகி எல்லா சேனலும் போய்விடும். வெளிச்சத்தில் பிடித்து கனெக்டரின் வாய்க்குள் ஒருமுறை பாருங்கள். கருவியால் அழுத்திப் பொருத்தும் வகையே நீடித்து உழைக்கும். கையால் திருகும் வகை நாளடைவில் தளர்ந்துவிடும். மாட்டும்போது கைவிரலால் இறுக்கி, 11 மி.மீ. ஸ்பேனரால் கால் சுற்று. அதற்கு மேல் திருகினால் பாக்ஸின் போர்ட்டே உடையும்.

படி 5: ஸ்பிளிட்டர்

இரண்டாகப் பிரித்தால் ஒவ்வொரு பக்கமும் சுமார் 3.5 டெசிபெல் (சிக்னல் இழப்பை அளக்கும் அலகு) இழப்பு. பாதிக்கும் குறைவான சக்திதான் மிஞ்சும். நான்காகப் பிரித்தால் சுமார் 7 டெசிபெல். ஒன்றுக்குப் பின் ஒன்றாக ஸ்பிளிட்டர் மாட்டினால் இழப்புகள் கூடிக்கொண்டே போகும். இரண்டு டிவிக்கு நான்கு வழி ஸ்பிளிட்டர் எதற்கு? இரண்டு வழி போடுங்கள். கட்டாயம் நான்கு வழிதான் என்றால் காலியாக உள்ள வாய்களில் 75 ஓம் டெர்மினேட்டரை (சிக்னல் திரும்பாமல் தடுக்கும் சிறு மூடி) திருகுங்கள். இல்லாவிட்டால் சிக்னல் அங்கே முட்டித் திரும்பி மற்ற டிவியைக் கெடுக்கும். மூன்று வழியில் சில வகைகளில் ஒரு வாய் 3.5, மற்ற இரண்டும் 7 டெசிபெல் என்று மேலேயே அச்சிட்டிருக்கும். 3.5 உள்ளதைத் தூரத்து டிவிக்குக் கொடுங்கள்.

படி 6: வயர்

ஆர்ஜி-6 வயரில் உயர்ந்த அதிர்வெண்களில் 100 மீட்டருக்குச் சுமார் 20 டெசிபெல் இழப்பு. 20 மீட்டர் ஓட்டத்துக்கு 4 டெசிபெல். பழைய மெல்லிய ஆர்ஜி-59 இதைவிட அதிகம் தின்னும். கதவிடுக்கில் நசுங்கிய இடம், ஆணி அடித்த இடம், 7 செ.மீ. ஆரத்தைவிடக் குறுகலாக மடிந்த மூலை ஆகியவற்றைத் தடவிப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் இரண்டு முனைகளையும் கழற்றி மல்டிமீட்டர் வையுங்கள்: உள்கம்பிக்கும் பின்னலுக்கும் இடையே எந்தத் தொடர்பும் காட்டக் கூடாது. மழை பெய்தால் மட்டும் படம் கெடுகிறது என்றால் வெளிச்சுவர் கனெக்டரில் தண்ணீர். சுவரில் நுழையும் முன் வயரைக் கீழே ஒரு வளைவு தொங்கவிட்டு மேலேற்றினால் நீர் வளைவிலேயே சொட்டிவிடும்.

படி 7: பூஸ்டர் கடைசியில்

பூஸ்டர் இரைச்சலையும் சேர்த்துத்தான் பெருக்கும். கெட்டுப் போன சிக்னலை அது நல்லதாக்காது. ஸ்பிளிட்டரின் இழப்பை ஈடுகட்ட மட்டும், ஸ்பிளிட்டருக்கு முன்னால் மாட்டுங்கள். டிவிக்குப் பக்கத்தில் மாட்டினால் பயன் குறைவு. மாட்டிய பின் வலிமை ஏறித் தரம் இறங்கினால் சிக்னல் அளவுக்கு மிஞ்சிவிட்டது. பூஸ்டரின் கெயினை (பெருக்கும் அளவை) குறையுங்கள், அல்லது பூஸ்டரைக் கழற்றிவிடுங்கள்.

வெளியே பழுது என்று தெரிந்து ஆபரேட்டரை அழைக்கும்போது, எந்தெந்த சேனல், எந்த நேரத்தில், உள்வரும் வயரில் நேராக மாட்டியபோது தரம் எவ்வளவு என்று அந்தத் தாளைப் பார்த்தே சொல்லுங்கள். சரிசெய்ய வந்தவர் கிளம்பும் முன் அதே மூன்று சேனல்களின் எண்களை அவர் எதிரிலேயே மறுபடி பாருங்கள்.