சுகர் இருக்கா? ஒரு வாரச் சாப்பாட்டைத் திட்டமிடுவது இப்படி

ஆரம்பிக்கும் முன் ஒன்று: இன்சுலின் போடுபவர்களும் கிளைமிபிரைட் போன்ற மாத்திரை எடுப்பவர்களும் டாக்டரிடம் கேட்காமல் சோற்றைத் திடீரென்று குறைக்க வேண்டாம். சுகர் 70-க்குக் கீழே இறங்கினால் மயக்கம் வரலாம். கிட்னியில் பிரச்சினை இருப்பவர்கள் மீன், பருப்பு அளவையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

படி 1: தட்டு
9 அங்குலத் தட்டு போதும். பாதிக்குக் காய், கீரை. கால் பங்கில் மீன், முட்டை அல்லது சுண்டல். மிச்சம் உள்ள காலில்தான் சோறு. உருளைக்கிழங்கு பொரியல் காயில் சேராது, அது சோற்றுக் கணக்கு.

படி 2: சோற்றை ஒரே தடவை போடுங்கள்
நம் வீடுகளில் அளவு தப்புவது இங்கேதான். குழம்புக்கு ஒரு தடவை, ரசத்துக்கு ஒரு தடவை, மோருக்கு இன்னொரு தடவை என்று சோறு வந்துகொண்டே இருக்கும். 150 கிராம் சோற்றிலேயே 40 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. அளந்து ஒரே தடவையில் போட்டு, குழம்புக்கும் ரசத்துக்கும் பிரித்துக்கொள்ளுங்கள். மோரைக் குடித்துவிடலாம். பக்கத்தில் இருப்பவர் "இன்னும் கொஞ்சம்" என்று கரண்டியை நீட்டினால் தட்டை நகர்த்துங்கள்!

படி 3: சந்தை
காசிமேட்டில் வஞ்சிரம்தான் வாங்க வேண்டும் என்றில்லை. மத்தி, கானாங்கத்தை, நெத்திலி எல்லாம் நல்ல மீன்தான், விலையும் குறைவு. குழம்பாக வையுங்கள், வறுவல் எப்போதாவது போதும். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம், மீன் விலை ஏறும். அப்போது முட்டை, பச்சைப்பயறு, கொண்டைக்கடலை. பிரஷரும் இருந்தால் கருவாடு வேண்டாம், உப்பு அதிகம்.

படி 4: எழுதி ஒட்டுங்கள்
மூன்று வேளையும் எழுத உட்கார்ந்தால் அலுத்துவிடும். ஏழு நாளுக்கும் மதியக் காய், அதோடு மீனா முட்டையா பயறா, இது மட்டும் போதும். இரவில் இரண்டு மூன்று இட்லி, காய் நிறைய போட்ட சாம்பார். கேழ்வரகுக் கூழ் என்றால் சொம்பு சொம்பாகக் குடிக்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அதுவும் மாவுச்சத்துதான், ஒரு டம்ளரோடு நிறுத்துங்கள். சாயந்திரம் அத்தோ (பர்மா நூடுல்ஸ்) சாப்பிட்டாயிற்றா? அன்றைக்கு இட்லியைக் கழித்துவிடுங்கள்.

படி 5: மீட்டர்
சாப்பிட ஆரம்பித்ததிலிருந்து இரண்டு மணி நேரம் கழித்து குளுக்கோமீட்டரில் சுகரைப் பாருங்கள். பலருக்கு 180-க்குள் இருக்க வேண்டும், உங்களுக்கான எண்ணை டாக்டர் சொல்வார். கூடினால் ஒரு வாரத்துக்கு ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். சோறு, இட்லி, டீ எல்லாவற்றையும் சேர்த்து மாற்றினால் எது கூட்டியது என்றே தெரியாது.