வீட்டுக்குள் சிலந்தி சேராமல் இருக்க

மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் போன்ற கடலோர ஊர்களில், பனையோலை வேய்ந்த கூரையும் திண்ணையில் குவித்து வைத்த மீன்வலைகளும் உள்ள வீடுகளில் சிலந்திகள் எளிதில் குடியேறிவிடுகின்றன. அவை இரையைத் தேடியே வருவதால், முதலில் கவனிக்க வேண்டியது வாசல் விளக்கைத்தான். வெள்ளை ஒளி அந்துப்பூச்சி முதலியவற்றை ஈர்க்கிறது. அவற்றைத் தின்ன வரும் சிலந்திகள் நிலைப்படியிலும் சன்னலோரத்திலும் வலை பின்னத் தொடங்குகின்றன. ஆகவே மங்கலான மஞ்சள் எல்இடி விளக்கைப் பொருத்தி, தேவையற்ற நேரத்தில் அதை அணைத்துவிடுவதே எந்த மருந்தையும்விட மிகுந்த பயன் தரும் என்பது என் உறுதியான கருத்து.

ஒட்டடை அடிக்கும்போது வலையை மட்டும் கலைத்தால் போதாது. கூரை மூலை, பரண், கட்டிலின் அடிப்பகுதி ஆகிய இடங்களில் பஞ்சுருண்டை போல ஒட்டியிருக்கும் முட்டைப்பைகளையும் சேர்த்து அகற்ற வேண்டும். சில வகைகளில் ஒரே பையிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட குஞ்சுகள் வெளிவரும். உப்புக்காற்றில் இரும்புக் கம்பிவலை விரைவில் துருப்பிடித்து ஓட்டை விழுவதால், சன்னலுக்கு நைலான் வலையே ஏற்றது. விறகு, பழைய சாக்கு, மீன்வலை ஆகியவற்றைச் சுவரை ஒட்டி அடுக்காமல் சற்றுத் தள்ளி வைக்கவும். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் அக்டோபருக்கு முன்பே இவ்வேலைகளை முடித்துவிடுவது நல்லது.

வீட்டில் காணப்படும் சிலந்திகளில் பெரும்பாலானவை மனிதருக்குத் தீங்கு செய்யாதவை; கொசுவையும் ஈயையும் தின்பவை. எனவே கண்ணில் பட்டதைக் கொல்லாமல், ஒரு டம்ளரால் மூடி, அடியில் அட்டையைச் செருகி எடுத்துச் சென்று, வீட்டைவிட்டுத் தள்ளியுள்ள செடிகளிடையே விட்டுவிடலாம்.