கலப்பு மரத்தில் காய் நறுக்கும் பலகை: ஒட்டுவதில்தான் இருக்கிறது வேலை

கோவை, பொள்ளாச்சி பக்கத்து மர மில்களில் ஒதுக்கிப் போடும் துண்டுகளே இதற்குப் போதும். நான் எடுப்பது மூன்று மரம்: மஞ்சளுக்குப் பலா, அடர் பழுப்புக்குப் பூவரசு வைரம் (நடுவில் இறுகிய உள்மரம்), நடுவே தேக்கு. கறிக்கடைக் கட்டைக்குப் புளிதான் அருமை. ஆனால் அதன் நார் முறுக்கிக்கொண்டு ஓடும், புதிதாக இழைப்புளி பிடிப்பவர் கைக்கு அடங்காது.

பச்சை வாடை அடிக்கும் மரம் வேண்டாம். வாங்கியதையும் இடைவெளி விட்டு அடுக்கி, இரண்டு மூன்று வாரம் வீட்டுக்குள்ளேயே வையுங்கள்.

12 அங்குல நீளம், ஒன்றரை அங்குல அகலம், ஒரு அங்குலக் கனத்தில் ஆறு துண்டு அறுத்துக்கொள்ளுங்கள். நிறம் மாற்றி மாற்றி அடுக்கிப் பார்த்து, பென்சிலால் எண் போடுங்கள்.

இனி ஓரம் இழைப்பது. பக்கத்துப் பக்கத்துத் துண்டுகள் இரண்டையும் புத்தகம் மூடுவது போல் சேர்த்துப் பட்டறைப் பிடியில் இறுக்கி, ஒட்டப்போகும் இரண்டு ஓரங்களையும் ஒரே ஓட்டத்தில் இழையுங்கள். இழைப்புளி கொஞ்சம் சாய்ந்திருந்தாலும், விரித்து ஒட்டும்போது ஒரு சாய்வை இன்னொன்று சரிக்கட்டிவிடும். பிறகு ஒன்றன்மேல் ஒன்றை நிறுத்தி ஜன்னல் வெளிச்சத்தில் பாருங்கள். இடுக்கில் வெளிச்சம் தெரிந்தால் மறுபடி இழைக்க வேண்டியதுதான். கிளாம்ப் இறுக்கி மறைத்த இடுக்கு, பங்குனி வெயிலில் வாயைத் திறந்துவிடும்.

தேக்கில் எண்ணெய்ப் பசை உண்டு. ஒட்டுவதற்குச் சற்று முன் அசிட்டோன் நனைத்த துணியால் அதன் ஓரத்தைத் துடையுங்கள். பசை தண்ணீர் தாங்க வேண்டும். எனக்கு டைட்பாண்ட் 3 என்ற மரப்பசைதான். கிளாம்பை மேலும் கீழுமாக மாற்றிப் போட்டு, ஓரமெல்லாம் பசை சிறு மணிகளாகக் கசியும் அளவுக்கு இறுக்கினால் போதும். ரொம்ப முறுக்கினால் பசை முழுக்க வெளியேறிவிடும். கசிந்தது ரப்பர் பதத்துக்கு வந்ததும் உளியால் சீவுங்கள்.

மறுநாள் இழைத்து, 80, 120, 220 எண் என்று வரிசையாக உப்புத்தாள் போடுங்கள். ஈரத்துணியால் ஒருமுறை துடைத்தால் மயிர் போல நார் எழும்பும். காய்ந்ததும் 220ஐ லேசாக ஓட்டினால் வழவழவென்று ஆகிவிடும்.

பின்சேர்க்கை: அழகுக்காக இரு முனையிலும் குறுக்குப் பட்டை ஒட்டலாமா என்று பலர் கேட்கிறார்கள். வேண்டாம். மரம் அகலத்தில்தான் சுருங்கி விரியும், நீளத்தில் அசைவதே இல்லை என்று சொல்லலாம். குறுக்கே ஒட்டிய பட்டை அதைப் பிடித்து நிறுத்தப் பார்க்கும், பலகை பிளந்துவிடும்.

"ஏனுங்க, செக்குத் தேங்காயெண்ணெய் போட்டா ஆகாதுங்களா?" என்பது பலகைக்கு எண்ணெய் பூசுவது பற்றி வரும் அடுத்த கேள்வி. நாளானால் சிக்கு வாடை வரும். மருந்துக் கடையில் கிடைக்கும் லிக்விட் பாரஃபின் கெட்டுப்போகாது. அதில் நாலு பங்குக்கு ஒரு பங்கு தேன்மெழுகை உருக்கிக் கலந்து, வெதுவெதுப்பாகத் தேய்த்து, இரவு ஊறவிட்டுக் காலையில் துடைத்துவிடுங்கள்.