துருவக் காற்றும் நம் ஊர் மார்கழியும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

அக்கா மகள் பள்ளி அறிவியல் கண்காட்சிக்காகத் துருவக் காற்றில் நுண்துகள்களை உண்டாக்கும் வாயுக்கள் மாதத்துக்கு மாதம் எப்படி மாறுகின்றன என்று ஒரு சார்ட் வரைந்துகொண்டு வந்தாள். கடலூரில் அது மார்கழி. கெடிலம் ஆற்றோரமெல்லாம் காலையில் மூடுபனி. "குளிர் ஜாஸ்தின்னா காத்துல துகளும் ஜாஸ்திதானே மாமா?" என்று கேட்டாள். இந்தத் தலைப்பில் வரும் தவறுகளில் பாதி இந்தக் கேள்வியிலேயே இருக்கிறது. அவளுடன் உட்கார்ந்து சரிசெய்தவற்றை இங்கே எழுதுகிறேன். மற்ற பிள்ளைகளுக்கும் உதவட்டும்.

குளிரை வைத்துக் கணக்குப் போடுவதுதான் முதல் தவறு. கடலூரில் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் ஏறக்குறைய ஒன்றரை மணி நேர வித்தியாசம்தான். அதனால் பருவம் என்றால் நமக்கு வெயிலும் மழையுமே நினைவுக்கு வரும். வெளிச்சம் கணக்கிலேயே வராது. துருவத்தில் எல்லாவற்றையும் தீர்மானிப்பதே வெளிச்சம்தான். ஆர்க்டிக்கில் ஸ்வால்பார்ட் தீவுகளில் இந்தியாவின் ஹிமாத்ரி ஆய்வு நிலையம் 2008 முதல் இயங்குகிறது. அங்கே அக்டோபர் கடைசியில் மறையும் சூரியன் பிப்ரவரி நடுவில்தான் திரும்பி வரும்.

இதற்கும் வாயுக்களுக்கும் என்ன தொடர்பு? கடலில் மிதக்கும் நுண்பாசிகளிலிருந்து டைமெத்தில் சல்ஃபைடு என்ற வாயு வெளிவருகிறது. தேவனாம்பட்டினம் கடற்கரையில் நம் மூக்கில் படும் கடல் வாசனையில் அதற்கும் பங்கு உண்டு. ஆனால் அது நேராகத் துகளாகிவிடாது. சூரிய ஒளியால் காற்றில் உருவாகும் ஹைட்ராக்ஸில் என்ற துடிப்பான மூலக்கூறு அதைத் தாக்கி, படிப்படியாகக் கந்தக அமிலமாகவும் மீத்தேன்சல்ஃபோனிக் அமிலமாகவும் மாற்ற வேண்டும். பாசி வளரவும் வெளிச்சம் வேண்டும், அமிலம் உருவாகவும் வெளிச்சம் வேண்டும். அதனால் நீண்ட இரவில் இந்த வாயுக்கள் மிகக் குறைந்துபோய், சூரியன் வந்ததும் ஏறுகின்றன.

"அப்படியானால் ஆர்க்டிக்கில் குளிர்கால முடிவிலும் வசந்தத்திலும்தானே மூட்டம் அதிகம் என்று படித்தேன்?" என்றாள். நல்ல கேள்வி. அந்த மூட்டம் பெரும்பாலும் அங்கே பிறந்ததல்ல. ஐரோப்பா, ஆசியாவின் வடபகுதிகளிலிருந்து காற்றோடு வந்த புகையும் சல்ஃபேட் என்ற கந்தகத் துகள்களும் அது. நம் ஊரில் போகிப் புகை வெயில் ஏறியதும் கலைந்துவிடும். அங்கே கலைக்கும் அளவுக்கு வெயிலில் சூடு இல்லை, கழுவ மழையும் குறைவு. வாரக்கணக்கில் நிற்கும்.

இங்கேதான் நான் அதிக நேரம் செலவழித்தேன். மாசு அதிகமாக இருந்தால் புதுத் துகளும் அதிகமாகப் பிறக்கும் என்றுதான் எல்லோரும் நினைப்போம். நடப்பது வேறு. புதுச்சேரியில் ஞாயிற்றுக்கிழமைச் சந்தை நாளில் மகாத்மா காந்தி சாலையில் நடந்து பாருங்கள். கூட வந்தவரோடு சேர்ந்து நாலு அடி வைப்பதற்குள் ஆளுக்கொரு கடை இழுத்துக்கொள்ளும். கந்தக அமில மூலக்கூறுகளுக்கும் அதே கதி. ஏற்கெனவே மிதக்கும் மூட்டத் துகள்கள் சில நிமிடங்களிலேயே அவற்றை உறிஞ்சிக்கொள்கின்றன. மூலக்கூறுகள் தங்களுக்குள் சேர்ந்து புதுத் துகள் ஆக வாய்ப்பே கிடைப்பதில்லை. கோடைத் தூறல் காற்றைக் கழுவி, சாலை காலியானதும்தான் புதுத் துகள்கள் நிறையப் பிறக்கின்றன. ஆக, வாயு உருவாகும் வேகத்தை மட்டும் வைத்துப் பருவத்தைக் கணிக்கக் கூடாது. அது எவ்வளவு சீக்கிரம் தொலைகிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

சார்ட்டில் அவள் ஒரே ஒரு மேடு வரைந்திருந்தாள்: கோடையில் ஏற்றம், பிறகு இறக்கம். அதுவும் சரியில்லை. 2018 ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் ஓடன் என்ற சுவீடன் பனியுடைப்புக் கப்பலிலிருந்து வட துருவத்தின் அருகே அளந்தபோது, கடல் மறுபடி உறையத் தொடங்கும் சமயத்தில் அயோடினிலிருந்து உருவாகும் அயோடிக் அமிலம் உயர்ந்தது, புதுத் துகள்களும் அடிக்கடி பிறந்தன. கந்தகத்துக்கு ஒரு காலம், அயோடினுக்கு வேறு காலம். ஒவ்வொரு வாயுவுக்கும் தனிக் கோடு போட வேண்டும்.

சில தவறுகளைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். ஓசோன் ஓட்டையை இதில் இழுக்க வேண்டாம். அது தரைக்குப் பல கிலோமீட்டர் மேலே நடக்கும் கதை. புதுத் துகள் பிறந்தால் உடனே மேகம் என்றும் எழுத வேண்டாம். பிறக்கும்போது அதன் அளவு 1 அல்லது 2 நானோமீட்டர். மேகத்துளிக்கு விதையாக அது பெரும்பாலும் 50 முதல் 100 நானோமீட்டர் வரை வளர வேண்டும். கடல் பாசிகளே மேகத்தை உண்டாக்கி பூமியின் வெப்பத்தைச் சீராக்குகின்றன என்று 1987-இல் லவ்லாக் உள்ளிட்ட நான்கு விஞ்ஞானிகள் முன்வைத்த கருதுகோள் அழகானதுதான். ஆனால் 2011-இல் குவின், பேட்ஸ் என்ற இரு விஞ்ஞானிகள் அதைக் கடுமையாக மறுத்திருக்கிறார்கள். முடிந்த முடிவாக எழுதக் கூடாது.

அப்புறம், இரண்டு துருவங்களையும் ஒரே படத்தில் போடுவது. நாம் வாசலில் மார்கழிக் கோலம் போடும் நாட்களில் அண்டார்டிகாவில் இந்தியாவின் பாரதி ஆய்வு நிலையத்தில் சூரியன் மறைவதே இல்லை. அங்கே அது நடுக்கோடை. சுற்றிலும் கடல் என்பதால் ஆர்க்டிக் போன்ற மூட்டமும் இல்லை. மாதப் பெயரை எழுதும்போது பக்கத்திலேயே எந்தத் துருவம் என்றும் எழுதச் சொன்னேன்.

அண்டார்டிகாவில் அம்மோனியாவும் கணக்கில் வரும். கந்தக அமில மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ள அது துணை செய்கிறது. அங்கே அதன் பெரிய ஊற்று பெங்குவின்களின் எச்சம். 2023 கோடையில் அங்குள்ள அர்ஜென்டினாவின் மராம்பியோ நிலையத்தில் அளந்தார்கள். சுமார் 8 கிலோமீட்டர் தள்ளி 60,000 அடெலி பெங்குவின்கள் கொண்ட குடியிருப்பு. அந்தப் பக்கத்துக் காற்று வீசியபோது அம்மோனியா 100 கோடியில் 13.5 பங்கு வரை ஏறியது. பிப்ரவரி முடிவில் பறவைகள் கிளம்பியதும் வாயுவும் போய்விடும் என்று அவளும் நினைத்தாள், படித்தபோது முதலில் நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் மண்ணில் ஊறியிருந்த எச்சம் தொடர்ந்து அம்மோனியாவை விட்டுக்கொண்டே இருந்தது. பறவைகள் போன பிறகும் அது வழக்கமான அளவைவிட 100 மடங்குக்கு மேல் இருந்தது. பிப்ரவரியோடு முடித்திருந்த கோட்டை அழித்துவிட்டு, மார்ச்சுக்குள் நீளும் ஒரு வாலை அவள் பச்சைப் பென்சிலால் வரைந்தாள்.