பொண்ணைப் படிக்க வைக்கணுமா? மே மாதத்தில் வாங்க

வட சென்னையில் மீன்பிடித் துறைமுகம் இருக்கிற காசிமேட்டில் பத்தாவது, பன்னிரண்டாவது பிள்ளைகளுக்குச் சாயந்திரம் டியூஷன் எடுக்கிறேன். "கஷ்டப்படுற பொண்ணு யாராவது இருந்தா சொல்லுங்க, படிக்க வைக்கிறோம்" என்று ஜூலையில் நோட்டும் ஜியாமெட்ரி பாக்ஸுமாக வருகிறவர்கள் உண்டு. நல்ல மனசுதான். ஆனால் ஜூலையில் வகுப்பில் உட்கார்ந்திருக்கிற பொண்ணு ஏற்கெனவே தப்பித்தவள். படிப்பு நிற்பது மே மாதத்தில், ரிசல்ட்டுக்கும் அடுத்த அட்மிஷனுக்கும் நடுவில். வருஷத்தில் கொஞ்ச நாள்தான் ஒதுக்க முடியும் என்றால் அந்த நாட்களை ஒதுக்குங்கள்.

எங்கள் பக்கத்தில் இதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகெல்லாம் கரையில் நிற்கும். போட்டுக்குப் போகிறவர், ஐஸ் உடைக்கிறவர், மீன் வெட்டுகிற அம்மா, யார் கையிலும் காசு புரளாது. டிசி, அப்ளிகேஷன், ஃபீஸ் எல்லாம் அப்போதுதான் வரும். "சும்மாதானே இருக்கா" என்று பொண்ணைத் துணிக்கடைக்கு அனுப்புவார்கள். முதல் சம்பளம் வீட்டுக்கு வந்துவிட்டால் அப்புறம் அவளைத் திரும்பக் கூப்பிடுவது லேசில்லை.

அதனால் ஜனவரியிலேயே பேப்பர் வேலையை ஆரம்பியுங்கள். ஒரு பிளாஸ்டிக் ஃபைல் வாங்கி அவள் கையிலேயே கொடுங்கள். ஆதார், பிறப்புச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், மார்க் ஷீட் நகல்கள், பாஸ்புக். எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பெயரை எழுத்துக்கூட்டிப் படியுங்கள். ஒன்றில் இனிஷியல் முன்னால் இருக்கும், ஒன்றில் பின்னால், ஒன்றில் இருக்கவே இருக்காது. பிறந்த தேதியையும் பாருங்கள். பிறகு ஆதாரில் எந்த போன் நம்பர் இருக்கிறது என்று கேளுங்கள். மாமா ரீசார்ஜ் பண்ணாமல் விட்டு, வேலை செய்யாமல் போன சிம்மாக இருக்கும். ஓடிபி அங்கே போய்க்கொண்டிருக்கும்! இதைத் திருத்த நாளாகும், மே மாதத்தில் அந்த நாள் கிடைக்காது. முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கும் இ-சேவை மையத்தில் முன்கூட்டியே விண்ணப்பித்து வையுங்கள். பேங்க் கணக்கு அவள் பெயரில், ஆதாரோடு இணைந்து இருக்கட்டும்.

ஒரு விஷயத்தில் நான் கறாராகவே பேசுவேன். அரசுப் பள்ளியில் படிக்கிற பொண்ணை "நல்ல ஸ்கூல்ல சேர்க்கிறோம்" என்று ஒன்பதாவதில் தனியார் பள்ளிக்கு மாற்றாதீர்கள். ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் படித்தால்தான் இன்ஜினீயரிங், மெடிக்கலில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு. அதில் இடம் கிடைத்தால் ஃபீஸை அரசே கட்டுகிறது. புதுமைப் பெண் திட்டத்தில் கல்லூரிப் படிப்பு முடியும்வரை மாதம் 1,000 ரூபாய் வருவதற்கும் அதே ஆறு முதல் பன்னிரண்டுதான் கணக்கு. (அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களையும் பிறகு சேர்த்தார்கள்.) நீங்கள் இரண்டு வருஷ ஃபீஸ் கட்டப்போய், அவளுக்கு வரவேண்டியது எல்லாம் போய்விடும்.

அடுத்து வீட்டில் பேசுவது. மீன் வியாபார நேரத்தில் போய் நிற்காதீர்கள். மத்தியானம், கூடையைக் கழுவிக் கவிழ்த்து, அந்த அம்மா ஒரு டீ குடிக்கிற நேரத்தில் போங்கள். முடிவெடுப்பது பெரும்பாலும் ஆயாவோ தாய்மாமனோதான். அவர்களும் இருந்தால் நல்லது. "படிப்போட அருமை" என்றெல்லாம் ஆரம்பிக்க வேண்டாம், அது அவர்களுக்கே தெரியும். என்னிடம் ஒரு அம்மா கேட்டது இதுதான்: "இன்னாக்கா, காலேஜ் முட்ச்சா அதுக்கேத்த மாப்ளைக்கு நான் எங்க போவேன்?"

"மாப்ளைய அப்புறம் பாக்கலாம். பாரதி மகளிர் கல்லூரி பக்கத்துலதானே இருக்கு? பொம்பளைப் புள்ளைங்க மட்டும் படிக்கிற இடம். சாதா பஸ்ல பொம்பளைங்களுக்கு டிக்கெட் காசு கிடையாது. மாசம் ஆயிரம் அவ கணக்குக்கே வரும். 2022 செப்டம்பர்ல அந்தத் திட்டத்தை ஆரம்பிச்சதே அந்தக் காலேஜ்லதான்" என்றேன். "எத்தினி மணிக்கு வூட்டுக்கு வருவா?" என்று அடுத்த கேள்வி வந்தது. நேரம் கேட்க ஆரம்பித்தால் பாதி சம்மதம் என்று வைத்துக்கொள்ளலாம். அடுத்த நாளே கூட்டிப்போய் கல்லூரி வாசலைக் காட்டிவிடுங்கள்.

பத்தாவதில் பெயிலானால் அன்றைக்கே பள்ளிக்குப் போய்த் துணைத்தேர்வுக்கு எழுதிக் கொடுங்கள். அதில் பாஸானால் அந்த வருஷமே பதினொன்றாவது சேரலாம், வருஷம் வீணாகாது. பதினெட்டு முடியாத பொண்ணுக்குக் கல்யாணப் பேச்சு நடப்பதாகத் தெரிந்தால் சமாதானம் பேசிப் பாருங்கள். பேச்சு நிச்சயதார்த்தம்வரை போனால் குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் போன் பண்ணுங்கள். கூப்பிட்டவர் பெயரை வெளியே சொல்ல மாட்டார்கள்.

பணம் கொடுப்பதாக இருந்தால் ஃபீஸை கல்லூரியிலேயே கட்டி ரசீதை ஃபைலில் வையுங்கள். செக்கைக் கையில் பிடிக்கவைத்து போட்டோ எடுக்காதீர்கள்; அது அவள் தெருவில் எல்லா போனிலும் சுற்றும். கல்லூரியில் சேர்ந்ததும் கழன்றுகொள்ளவும் வேண்டாம். தமிழ் வழியில் படித்த பிள்ளை முதல் செமஸ்டரில் இங்கிலீஷ் பாடத்தைப் பார்த்து மிரளும். வாரத்தில் ஒரு நாள், ஞாயிற்றுக்கிழமை சாயந்திரமாக இருந்தால் நல்லது, அவளோடு உட்கார்ந்து அந்த வார நோட்ஸைத் தமிழில் சொல்லிக்கொடுங்கள். நெட் பேக் ரீசார்ஜும் உங்கள் கணக்கிலேயே இருக்கட்டும்.